பாதி டீயும் பேச்சுரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கட்டபெட்டு பக்கத்து டீக்கடை ஒன்றில் பார்த்ததை நாலு வரியில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக மறுபடி: பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பிரித்த ஒருவர் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, டெல்லியில் இருப்பவர்கள் என்று ஒருவர் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார், கடையே சிரித்தது. அப்புறம் அதே சுருதியில், ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, அவர் சாதியை வைத்து ஒரு கிண்டல். அதற்கும் கடை சிரித்தது. பெரியவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, பக்கத்தில் காசையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'இது ரெண்டும் ஒரே பேச்சுதானா?' என்று கேட்டு முடித்திருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மழையில் நனைந்து மை கலைந்ததெல்லாம் போக, படிக்க முடிந்தவற்றில் சில.

கேள்வி: சமத்துவம் பேசுகிறவர்கள்தான் இன்று மற்றவர் வாயை அடைக்கிறார்கள். எதைச் சொன்னாலும் 'புண்பட்டது' என்கிறார்கள். பேச்சுரிமை என்று ஒன்று சட்டத்தில் எதற்கு இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். 'மனம் புண்பட்டது' என்பது பேச்சைத் தடுக்கும் காரணமாக அரசியல் சாசனத்தில் இல்லவே இல்லை. 19வது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, எந்தெந்தக் காரணத்துக்காக அதற்குக் கட்டுப்பாடு போடலாம் என்று கீழேயே எண்ணி வைத்திருக்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது. அவ்வளவுதான். இதில் எரிச்சல் கிடையாது, சங்கடம் கிடையாது. எரிச்சல் மூட்டினாலே ஜெயில் என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் தூக்கி எறிந்ததற்கு இதுதான் காரணம். (மத உணர்வுக்குக் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அதிலும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. புகார் எழுதுகிறவர்கள் யாரும் அந்த வரி வரைக்கும் படிப்பதில்லை.)

மீதிப் பாதிக்கு வருகிறேன். வாயை அடைக்கிறார்கள் என்கிறீர்களே, யார்? நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், உங்கள் பழைய மாணவர் ஒருவர் 'தப்பு சார்' என்கிறார், இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். அதுவும் பேச்சுதானே. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவர்களுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம், எதிர்க்கேள்வி வாங்கிப் பழக்கம் கொஞ்சம் குறைவு. கோபிக்காதீர்கள், நானும் வாத்தியார் மகன்தான்.

ஆனால் பேச்சுரிமை ஒரு கட்சி, சமத்துவம் எதிர்க்கட்சி என்று பிரிக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்த இரண்டும் நம் மெட்ராஸிலிருந்து ஒரே வண்டியில் ஏறி டெல்லி போனவை. 1950-ல் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்கிற இடதுசாரி வாரப் பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் ஜெயித்துவிட்டார், ஏனென்றால் அன்றைய சாசனத்தில் 'பொது ஒழுங்கு' என்று ஒரு காரணமே கிடையாது. அடுத்த வருஷம் ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த நம் கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 14 இடம் இருந்தால் அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அந்த ஆணையின் கணக்கு. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். 1951 ஜூனில், முதல் பொதுத் தேர்தல்கூட நடக்காத நேரத்தில், சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்தது.

அந்த ஒரே திருத்தத்தில்தான் பேச்சுக்குக் கடிவாளமும் வந்தது, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4)-ம் வந்தது. (நிலச் சீர்திருத்தமும் அதில் உண்டு, அது வேறு கதை.) முதலாவதை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன், இரண்டாவதைக் கும்பிடுகிறேன். கடிவாளம் போட்டபோதே 'நியாயமான' கட்டுப்பாடு என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கோர்ட்டுகள் இன்றைக்கும் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கின்றன. இதில் சமத்துவம் எங்கே யார் வாயை அடைத்தது, சொல்லுங்கள். பத்திரிகையைத் தடுத்தது சர்க்கார்.

கேள்வி: அப்படியானால் இட ஒதுக்கீட்டையே குறை சொன்னால் கேஸ் போடுவார்களா? கல்லூரியில் படிக்கும் என் மகன் வீட்டில் தினமும் இதைப் பற்றித்தான் சண்டை போடுகிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், குன்னூர்

பயப்படாதீர்கள் அம்மா, தாராளமாகக் குறை சொல்லட்டும். இதே விஷயம் சினிமாவாக வந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சிக்கிற கதை. 'யு' சான்றிதழும் கிடைத்தது. படம் வந்தால் ரகளை ஆகும் என்று எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஊர்வலம் போவோம், கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சை அடக்க முடியாது, அப்படி அடக்கினால் மிரட்டலுக்குப் பணிந்ததாக ஆகும் என்றது. பேச்சுக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும் என்று ஒரு உவமையும் சொன்னது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு ஒட்டாது. தீர்ப்போடு ஒட்டும்.

இட ஒதுக்கீடு ஒரு கொள்கை. கொள்கையைத் திட்டலாம், கிழிக்கலாம், மேடை போட்டு நாறடிக்கலாம். உங்கள் மகன் அதே வேகத்தில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பையனைப் பார்த்து 'நீ எப்படி சீட் வாங்கினேன்னு தெரியாதா' என்று அவன் சாதிப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் அது கொள்கையைப் பற்றிய பேச்சு இல்லை. அந்தப் பையன் எழுந்து என்ன பதில் சொல்ல முடியும்? கொள்கைக்கு எதிர்வாதம் உண்டு. பிறப்புக்கு என்ன எதிர்வாதம்? டீக்கடைப் பெரியவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன், வாதாட அங்கே எதுவும் இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இங்கேதான் கோடு போடுகிறது. 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரை, அதைச் சேராத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ குற்றம். முன்ஜாமீன் சுலபமில்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. டீக்கடை பெஞ்ச் நாலு சுவருக்குள் இல்லை, அதையும் மகனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கட்சிக் கூட்டங்களில் எதிராளியின் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசுகிறார்கள். அதற்கும் கைதட்டுகிறார்கள். இதுவும் ஜனநாயகமா?
– வாசகி, அருவங்காடு

கைதட்டல் இருக்கிற வரை பேசுவார்கள். எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் மற்றக் கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஊட்டி ஏ.டி.சி. பக்கம் நான் கேட்ட கூட்டங்களில் பச்சை தேயிலை விலையைப் பற்றி மூன்று நிமிடம், யார் யாரோடு இருந்தார் என்பதைப் பற்றி முப்பது நிமிடம். விலையைப் பற்றிப் பேசினால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் பாருங்கள்.

கேள்வி: அப்பா 1970-களில் சிலோனிலிருந்து வந்தவர், டேன்டீயில் (அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் இங்கேயே பிறந்தவள். கிராம சபையில் தண்ணீர் பற்றிக் கேட்க எழுந்தால், 'சிலோன்காரங்களுக்கு இங்க என்ன பேச்சு' என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பேச்சுரிமை எங்களுக்கும் உண்டா?
– வாசகி, பந்தலூர் வட்டம்

சகோதரி, உங்கள் கடிதத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

சாசனத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. சட்டத்தின் முன் சமம் என்கிற 14வது பிரிவு 'எந்த ஒரு நபருக்கும்' என்கிறது. இந்த மண்ணில் நிற்கிற யாருக்கும் அது உண்டு. பேச்சுரிமை தருகிற 19 அப்படி இல்லை, 'குடிமக்கள் எல்லோருக்கும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. குடியுரிமை இல்லையென்றால் அந்தப் பிரிவு உங்களுக்காகப் பேசாது. இது நமக்கு வெறும் சட்டப் புத்தகச் சமாச்சாரம். உங்கள் அப்பாவுக்கு அது சொந்த வாழ்க்கை.

1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தேயிலைக் காட்டை உண்டாக்கின மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. ஓட்டு இல்லாத ஜனத்தின் பேச்சை எந்த அரசியல்வாதி கேட்பான்? 1964-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மேஜையில் ஒரு கொழுந்து கிள்ளும் பெண்ணையும் கூப்பிட்டு 'உனக்கு எங்கே இருக்க ஆசை' என்று கேட்கவில்லை. கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, இந்தக் குளிரில் வந்து காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களுக்கு, வாயைத் திறக்காமல் இருந்தால்தான் காகிதம் கைக்கு வரும் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கும். அப்பா உங்கள் கையைப் பிடித்து இழுத்ததை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் எழுந்திருங்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர், யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த முறை வெறும் கையோடு போகாதீர்கள். தண்ணீர்க் கோரிக்கையை இரண்டு நாள் முன்பே எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லயன் வீட்டு வரிசையிலிருந்து ஐந்தாறு பெண்களைக் கூட்டிப் போங்கள், பின்னாலிருந்து வரும் குரலுக்குத் தனி ஆள் என்றால்தான் தைரியம். மேஜைக்குப் பின்னால் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், 'நான் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் படித்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். குரல் காற்றோடு போகும், புத்தகத்தில் ஏறினது போகாது. அந்தப் பின்வரிசை ஆளுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், அவருக்கு வேண்டியது நீங்கள் தண்ணீரை மறந்துவிட்டுப் பிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது.

என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். யாராவது ஏடாகூடமாகப் போட்டால் என்னைப் பிடிப்பார்களா? ஒருத்தரை நீக்கினேன், 'என் பேச்சுரிமையைப் பறிச்சுட்டே' என்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.
– இளைஞர், மஞ்சூர் பக்கம்

அட்மின் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்களும் நம் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கின்றன. நீங்களே தூண்டிவிட்டிருந்தால் கதை வேறு. வாசலில் நிற்கிறவரிடம் சொல்லுங்கள்: குரூப் உங்கள் திண்ணை மாதிரி, திண்ணையிலிருந்து எழுந்து போகச் சொல்வது சர்க்கார் தடை உத்தரவு ஆகாது. ஆனால் தம்பி, உண்மையில் எதற்காக நீக்கினீர்கள்? வசவுக்கா, இல்லை உங்கள் கட்சியைக் கிண்டல் பண்ணினதற்கா? இரண்டாவது என்றால் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

கிண்டலைத் தாங்க முடியாமல் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சிறுமலைக் கதை இருக்கிறது. மதுரைப் பக்கத்து இடதுசாரி ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய், படங்களைப் பேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறோம் என்கிற மாதிரி வேடிக்கையாக ஒரு வரி எழுதினார். போலீஸ் அரசாங்கத்துக்கு எதிராகப் போர் தொடுக்கத் தயாரானதாக வழக்குப் போட்டது! 2021 டிசம்பரில் மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தது, தீர்ப்பிலேயே நகைச்சுவை நிறைய. சிறுமலைக்குப் போனால் அந்த வாழைப்பழம் வாங்கி வருவார்கள், அவர் எஃப்.ஐ.ஆர். வாங்கி வந்தார்.

கேள்வி: நீலகிரி எம்.பி. தொகுதியைத் தனித் தொகுதி ஆக்கியதால் மற்ற சமூகத்தார் நிற்கவே முடியாது. எங்கள் சமத்துவம் என்ன ஆனது?
– வியாபாரி, ஊட்டி

2009 தேர்தலிலிருந்து தனித் தொகுதி, சரி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் அப்படியே. நிற்பவர் மட்டும்தான் பட்டியல் சாதியாக இருக்க வேண்டும், ஓட்டு எல்லோருக்கும். 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், அந்தச் சனம் மட்டுமே ஓட்டுப் போடும் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து வாங்கியது இதைத்தான். அதனால் ஜெயிக்கிறவர் உங்கள் கடை வாசலுக்கும் வந்து கும்பிட்டுத்தான் ஆக வேண்டும். அவருடைய சொந்தச் சனம் மட்டும் போட்டால் ஜெயிக்க முடியாது, சில சமயம் அவர்களுக்காக உரக்கப் பேசவும் முடியாமல் போகிறது. வருத்தப்படுவதாக இருந்தால் அதற்கு வருத்தப்படலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இருக்கிற மலை இது. தமிழக சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடிக்கு ஒதுக்கியது இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டுமே நம் மாவட்டத்தில் இல்லை. உங்களால் ஒரு தேர்தலில் நிற்க முடியவில்லை. ஒரு பணியர் பெண் எந்தத் தேர்தலில் நின்று நீங்கள் பார்த்தீர்கள்?

கேள்வி: உங்களைத் திட்டி எழுதினால் போடுவீர்களா?
– பெயர் போடவில்லை, முத்திரை எடப்பள்ளி

போட்டாச்சு, இதோ. 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு நம் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை கொடுத்தது, எதிர்ப்பு வலுத்ததும் சில நாளிலேயே வெளியே விட்டார்கள். அதோடு பார்த்தால் நீங்கள் என்னைப் பற்றி எழுதிய இரண்டு பக்கம் வெறும் தூறல். 'கிழட்டு' என்பதற்குப் பிறகு வல்லினம் வந்தால் ஒற்று மிகும்.

கேள்வி: சாதிக் கிண்டல் நடந்தபோது நீங்களும் அந்தக் கடையில்தானே இருந்தீர்கள்? வாயைத் திறந்தீர்களா?
– கல்லூரி மாணவி, கூடலூர்

இல்லை. வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் முதல் ஜோக்குக்குச் சிரித்த சிரிப்பு இரண்டாவதிலும் கொஞ்சம் நீண்டுவிட்டது, உடனே நிறுத்த வரவில்லை. கெட்ட பேச்சுக்கு நல்ல பேச்சால் பதில் சொல்ல வேண்டும் என்று மேடையில் அடிக்கடி சொல்கிறவன் நான். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லச் செலவு குறைவாக இருந்தது எனக்குத்தான். வயசு இருக்கிறது, பத்திரிகைக்காரன் என்ற பெயர் இருக்கிறது, என்னை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து எழுதினேன். எழுதுவது சுலபம்.

கேள்வி: அந்தப் பெரியவர் அப்புறம் கடைக்கு வந்தாரா?
– பலர்

வரவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்புறக் கடையில் குடிக்கிறார். கிண்டலடித்தவர் தினமும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். போன வாரம் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்க எழுதினதை அவர்கிட்ட நானே படிச்சுக் காட்டினேன்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்காருன்னாரு. யாரு சார் அந்த ஆளு, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் பேசுறாங்களான்னு கேட்டாரு."